குழியும் கரியும்: மெழுகுவத்தியின் கோளாறுகள்

வீட்டில் மெழுகுவத்தி செய்து பார்த்தவர்களின் புகார்கள் பெரும்பாலும் நான்கைந்துக்குள் அடங்கிவிடும். ஆறிய மெழுகின் நடுவில் விரல் நுழையும் அளவுக்குக் குழி விழுந்திருக்கிறது. ஏற்றினால் திரியைச் சுற்றி மட்டும் உருகுகிறது, ஓரத்து மெழுகு சுவராக நின்றுவிடுகிறது. கண்ணாடி டம்ளரில் கரி படிகிறது. கலந்த வாசனை எங்கே போனதென்றே தெரியவில்லை. இவற்றுக்கு மருந்தாகப் பலரும் முதலில் செய்வது, விலை கூடிய மெழுகை வாங்குவது. அது வீண் செலவு. கடையில் கிடைக்கும் மெழுகு பெரும்பாலும் நல்ல மெழுகுதான். உருகிய மெழுகு எப்படி உறைந்தது, உறைந்த மெழுகைத் திரி எந்த அளவில் சுடருக்கு ஊட்டுகிறது என்ற இரண்டு இடங்களில்தான் கோளாறைத் தேட வேண்டும். முதல் வகைக் கோளாறு ஏற்றுவதற்கு முன்பே கண்ணில் படும். இரண்டாவது வகை ஏற்றிய பிறகுதான் வெளிவரும்.

குழியிலிருந்து தொடங்கலாம். பாரபின் மெழுகு உருகிய நிலையிலிருந்து அறை வெப்பத்துக்கு வரும்போது அதன் கன அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. தண்ணீர் உறையும்போது விரியும், மெழுகு சுருங்கும். சூட்டில் தாறுமாறாக நெளிந்துகொண்டிருந்த நீண்ட கரிமச் சங்கிலிகள், ஆறும்போது ஒன்றையொன்று ஒட்டிப் படிகங்களாக அடுக்கிக்கொள்வதுதான் காரணம். டம்ளரில் இது வெளியிலிருந்து உள்நோக்கி நடக்கிறது. சுவரோரமும் மேற்பரப்பும் முதலில் இறுகி ஓடாகிவிடும். அப்போது நடுவில் இருப்பது இன்னும் திரவம். அது இறுகிச் சுருங்கும்போது ஓடு உடன் நகர்ந்துகொடுக்காது. ஆகவே உள்ளே வெற்றிடம் உண்டாகி, மெல்லிய மேல்தோல் கீழே இழுக்கப்படுகிறது.

சில சமயம் மேற்பரப்பு அழகாகச் சமமாக இருக்கும், பொந்து உள்ளே மறைந்திருக்கும். இதுதான் தொல்லை. எரிந்துகொண்டே போகும் சுடர் அந்தப் பொந்தைத் திறந்ததும், உருகி நின்ற மெழுகெல்லாம் அதற்குள் இறங்கிவிடும். திரிக்கு ஊட்டம் நின்றுபோகும், சுடர் திரியையே தின்னத் தொடங்கும்.

இதைத் தடுக்க, உருக்கிய மெழுகில் கொஞ்சத்தை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மேலே தோல் கட்டியதும், திரியைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் மெல்லிய குச்சியால் ஆழமாகக் குத்திவிட வேண்டும். சுருங்கும் மெழுகு அந்தத் துளைகள் வழியே காற்றை இழுத்துக்கொள்ளும், மூடிய பொந்து உண்டாகாது. நன்றாக இறுகிய பிறகு, எடுத்து வைத்த மெழுகை மறுபடி உருக்கி, முதலில் ஊற்றியதைவிடச் சற்றுக் கூடுதல் சூட்டில் துளைகளை நிரப்ப வேண்டும். அந்தச் சூடு இருந்தால்தான் புதிய மெழுகு பழையதன் மேற்பரப்பைக் கொஞ்சம் உருக்கி அதனோடு ஒன்றாகும். ஆறிய மெழுகை ஊற்றினால் அது தனித் தட்டாக உட்கார்ந்து பின்னால் பெயர்ந்து வரும்.

அவசரப்பட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பவர்கள் இந்தக் கோளாறைத் தாங்களே பெரிதாக்கிக்கொள்கிறார்கள். வெளிப்புறம் எவ்வளவு வேகமாக இறுகுகிறதோ அவ்வளவுக்கு உள்ளும் புறமும் வேறுபடும், விரிசலும் விழும். மின்விசிறிக்கு நேர் கீழே ஆறவைப்பதும் கூடாது. டம்ளர்களை நெருக்கி அடுக்காமல், அட்டைப் பெட்டிக்குள் இடைவெளி விட்டு வைத்து மூடிவிட்டால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஆறும்.

மெழுகு சுருங்குவதே கெடுதல் என்று நினைக்க வேண்டாம். அச்சில் வார்க்கும்போது அந்தச் சுருக்கம்தான் மெழுகுவத்தியை அச்சின் சுவரிலிருந்து விடுவித்து வெளியே வரச் செய்கிறது. கண்ணாடி டம்ளரில் அதே குணம் வேறு விதமாகத் தெரியும்: மெழுகு கண்ணாடியை விட்டு அங்கங்கே விலகி, ஈரம் பட்ட திட்டுகள் போன்ற தோற்றம் வரும். உள்ளே ஈரம் ஏதும் இல்லை, மெல்லிய காற்றிடைவெளிதான். ஊற்றுமுன் டம்ளரைக் கழுவி முழுக்க உலர்த்தி, கை பொறுக்கும் சூட்டில் வைத்திருந்தால் இது குறையும். ஆனால் அறையின் வெப்பம் ஏறி இறங்கும்போது இந்தத் திட்டுகள் தாமாக வருவதும் போவதும் உண்டு. எரிவதற்கு இதனால் எந்தக் குறையும் இல்லை, இதற்காக ஒரு மெழுகுவத்தியை உடைத்து மறுபடி வார்ப்பது தேவையற்ற வேலை.

சோயா மெழுகில் வரும் வெள்ளைப் பூப்பும் அப்படித்தான். சோயா எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கியதே சோயா மெழுகு. வேதியியலில் அது பாரபினுக்கு அல்ல, நெய்க்கும் வனஸ்பதிக்கும் உறவு. கொழுப்பு மூலக்கூறுகள் ஒன்றுக்கு மேற்பட்ட விதங்களில் அடுக்கிக்கொள்ளக்கூடியவை. முதலில் தளர்வான அடுக்கில் உறைந்து, பிறகு நாட்கணக்கில் மெல்ல மெல்ல நெருக்கமான அடுக்குக்கு மாறுகின்றன. அப்போது மேற்பரப்பில் வளரும் படிகங்களே வெள்ளைப் பூப்பு. காய்ச்சிய நெய்யை மெதுவாக ஆறவிட்டால் மணல் மணலாகவும், சட்டென்று குளிர்வித்தால் வழவழப்பாகவும் உறைவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். இங்கும் அதே இயற்பியல்தான். வெப்பம் ஏறி இறங்காத இடத்தில் வைத்தால் பூப்பு குறையும், அடர் நிறம் சேர்க்காவிட்டால் கண்ணுக்கே தெரியாது. முற்றிலும் ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டியதில்லை.

நம் ஊர்க் கோடைக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. டம்ளரில் ஊற்றுவதற்கென்று விற்கப்படும் மென்மையான மெழுகுகள் 50 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகிவிடுபவை. நாற்பதைத் தொடும் பகலில் அவை குழைந்து, உள்ளே கலந்த வாசனை எண்ணெய் முத்து முத்தாக மேலே வியர்க்கும். தேங்காய் எண்ணெயைக் கலப்பவர்களுக்கு இது இன்னும் மோசமாகும், ஏனென்றால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகுகிறது. டம்ளர் இல்லாமல் தனியே நிற்கும் மெழுகுவத்திக்கு 58 முதல் 60 டிகிரியில் உருகும் பாரபினைக் கேட்டு வாங்குவதும், அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பதும் நல்லது. மெழுகு கெட்டிப்படும், பால் வெள்ளை நிறம் வரும், வளையாமல் நிற்கும்.

இந்த ஸ்டியரிக் அமிலத்துக்கு மெழுகுவத்தியின் வரலாற்றில் பெரிய இடம் உண்டு. பிரான்ஸின் வேதியியலாளர் மிஷேல் யூஜின் செவ்ரல் விலங்குக் கொழுப்புகளைப் பகுத்து ஆராய்ந்து 1823இல் நூலாக வெளியிட்டார். 1825இல் மற்றொரு வேதியியலாளரான கே-லுசாக்குடன் சேர்ந்து, கொழுப்பிலிருந்து பிரித்த அமிலங்களைக் கொண்டு மெழுகுவத்தி செய்யக் காப்புரிமை பெற்றார். புகையும் நாற்றமுமாக எரிந்த கொழுப்புத் திரிகளுக்கு மாற்றாகக் கெட்டியான, வெண்மையான, தூய சுடர் தரும் மெழுகுவத்தி வந்தது. ஆனால் அந்தப் பத்தாண்டில் பிறந்த மற்றொரு கண்டுபிடிப்பு, என் பார்வையில், அதைவிட நுட்பமானது. கம்பசெரஸ் என்ற பிரெஞ்சுக்காரர் திரியை முறுக்காமல் சடையாகப் பின்னினார்.

அது எதற்கு என்பதை அறிய, சுடர் எதை எரிக்கிறது என்று பார்க்க வேண்டும். எரிவது கட்டி மெழுகும் அல்ல, உருகிய மெழுகும் அல்ல, மெழுகின் ஆவி. லண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே 1860ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். ஒரு மெழுகுவத்தியை மையமாக வைத்து வேதியியலை விளக்கிய சொற்பொழிவுகள் அவை. சுடரின் நடுவிலுள்ள இருண்ட பகுதிக்குள் வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை வைத்து ஆவியை வெளியே இழுத்து, மறுமுனையில் அதைப் பற்றவைத்துக் காட்டினார். வீட்டிலும் இதைச் சரிபார்க்கலாம். மெழுகுவத்தியை ஊதி அணைத்ததும் எழும் வெண்புகையில், திரிக்குச் சற்று மேலே எரியும் தீக்குச்சியைக் காட்டினால், தீ புகை வழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். அந்த வெண்புகை, எரியாமல் குளிர்ந்த மெழுகாவி.

ஆக, சுடர் தன் சூட்டால் மெழுகை உருக்குகிறது. உருகியது திரியின் இழைகளுக்கிடையே நுண்துளை ஈர்ப்பால் ஏறுகிறது. மேலே ஆவியாகி எரிகிறது. எரிந்த சூடு மறுபடி உருக்குகிறது. நடுத்தரமான ஒரு மெழுகுவத்தி மணிக்கு ஐந்தாறு கிராம் மெழுகைத்தான் செலவிடும், ஆனாலும் அது வெளியிடும் வெப்பம் 70 வாட்டை ஒட்டியிருக்கும். இந்தச் சுற்றின் வேகத்தைத் தீர்மானிப்பது திரி. எரியும்போது வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை திரி கூடுதலாக ஊட்டுவதாலோ குறைவாக ஊட்டுவதாலோ வருபவை.

பூஜையறை விளக்குத் திரியை மெழுகுவத்தியில் வைத்துப் பார்க்கும் எண்ணம் எல்லோருக்கும் வரும். அது சரிப்படாததற்குக் காரணம் உண்டு. அகல் விளக்கில் எண்ணெய் ஏற்கெனவே திரவமாகத் தயாராக இருக்கிறது, திரி விளிம்பில் சாய்ந்து கிடக்கலாம். கருகினால் தூண்டிவிட ஆள் இருக்கிறார். மெழுகுவத்தியில் திரி தானாக நிமிர்ந்து நிற்க வேண்டும், தூண்ட ஆளில்லாமல் தன்னைத்தானே குறைத்துக்கொள்ளவும் வேண்டும். மேலும், உருகிய பாரபின் நல்லெண்ணெயைவிட மிகவும் நீர்த்தது. எண்ணெய்க்கென்று தளர்வாகத் திரித்த பஞ்சு அதை அளவுக்கு மீறி உறிஞ்சும், சுடர் நீண்டு புகையும், கடைசியில் திரி சாய்ந்து மெழுகுக்குள் மூழ்கிவிடும்.

பின்னிய திரி இதையெல்லாம் தீர்த்தது. சடையின் இழுவிசை ஒருபக்கமாக இருப்பதால், எரிய எரிய அதன் நுனி வளைந்து சுடரின் ஓரத்துக்கு வருகிறது. சுடரின் உட்புறத்தில் ஆக்சிஜன் கிடையாது, அதனால் அங்கே திரி கருகுமே தவிர எரியாது. ஓரத்தில் ஆக்சிஜன் கிடைக்கிறது, வெப்பமும் ஆயிரம் டிகிரியைத் தாண்டும். வளைந்த நுனி அங்கே சாம்பலாகிவிடுகிறது. பின்னிய திரி வருமுன் ஐரோப்பாவில் மெழுகுவத்தியின் அருகே கத்தரி ஒன்று எப்போதும் இருந்தது, நீண்டுபோன கரித்திரியை அடிக்கடி நறுக்க வேண்டியிருந்தது. வீட்டில் திரி செய்வதானால், பருத்தி நூலைச் சடையாகப் பின்னி, வெண்காரமும் சிறிது உப்பும் கரைத்த வெந்நீரில் ஒருநாள் ஊறவைத்து, ஈரமே இல்லாமல் காய வைக்க வேண்டும். வெண்காரம் சாம்பலோடு உருகிக் கலந்து, அது திரியில் அடைத்துக்கொள்ளாமல் உதிரச் செய்கிறது. பிறகு உருகிய மெழுகில் முக்கி, காற்றுக் குமிழ்கள் அடங்கியதும் எடுத்து நீட்டி உலர்த்த வேண்டும். சரியாகக் காயாத திரியில் தங்கிய ஈரம்தான் எரியும்போது படபடவென்று வெடிக்கும்.

இப்போது ஓரத்து மெழுகு உருகாமல் நிற்கும் கோளாறைப் பார்க்கலாம். டனலிங் என்று சொல்கிறார்களே, அது. டம்ளரின் விட்டத்துக்குத் திரி போதவில்லை என்பதே இதன் பொருள். டம்ளரில் எத்தனை கிராம் மெழுகு இருக்கிறது என்பது இங்கே கணக்கில்லை, எவ்வளவு அகலம் என்பதுதான் கணக்கு. ஒரு மணி நேரம் எரிந்தால் உருகிய குளம் இரண்டரை சென்டிமீட்டர் விட்டத்துக்குப் பரவ வேண்டும் என்பது செய்பவர்கள் வைத்திருக்கும் அளவு. அப்படியானால் ஏழரை சென்டிமீட்டர் டம்ளர் மூன்று மணி நேரத்தில் ஓரம் வரை உருக வேண்டும். முதல் முறை ஏற்றும்போது ஓரத்தைத் தொடுமுன் அணைத்துவிட்டால், அடுத்த முறை குளம் அந்தப் பழைய வட்டத்துக்குள்ளேயே நிற்கும். சுற்றியுள்ள மெழுகுச் சுவர் உயர உயரக் காற்றும் குறைந்து, சுடர் சிறுத்துப்போகும். ஆகவே முதல் ஏற்றலுக்கு நேரம் ஒதுக்க வேண்டும், பத்து நிமிடம் ஏற்றி அழகு பார்ப்பதற்கானதல்ல அது. ஏற்கெனவே குழாயாகிப்போனதை மீட்க, டம்ளரின் வாயை அலுமினியத் தாளால் மூடி, நடுவில் மட்டும் அகலமான ஓட்டை விட்டு எரியவிடலாம். சூடு ஓரத்துக்குத் திரும்பி மெழுகை இளக்கிவிடும்.

சோயா மெழுகில் இந்தக் கோளாறு அதிகம். உருகிய நிலையில் அது பாரபினைவிடத் தடிப்பானது, இழைகளில் ஏற நேரமெடுக்கும். பாரபினுக்குப் பொருந்திய அதே திரியை அதே டம்ளரில் சோயாவுக்கு வைத்தால் பெரும்பாலும் போதாது, ஒரு அளவு தடித்த திரி வேண்டும். உருளி போன்ற அகலமான பாத்திரத்துக்கு ஒற்றைத் திரியைத் தடிமனாக்கிக்கொண்டே போவது தவறு. இரண்டு மூன்று மெல்லிய திரிகளை இடைவெளி விட்டு வைப்பதே முறை.

திரி சரியான தடிமனில் இருந்தும் சுடர் மெழுகில் மூழ்கிச் சாகிறதென்றால், திரி அடைத்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் நிறம்தான் அடைக்கிறது. பிள்ளைகளின் கிரேயானை உருக்கிப் போடுவதும், மஞ்சள்தூளும் குங்குமமும் கலப்பதும் வழக்கமாகிவிட்டன. இவற்றின் நிறத்துகள்கள் மெழுகில் முழுதாகக் கரைவதில்லை, நுண்துகள்களாக மிதக்கின்றன. திரி அவற்றையும் சேர்த்து இழுக்கும், மெழுகு ஆவியாகிவிடும், துகள்கள் இழைகளுக்குள் தங்கிவிடும். மெழுகுக்கென்றே விற்கும், எண்ணெயில் கரையும் சாயத்தை மட்டும் வாங்குங்கள். ஒரு கிள்ளு போதும்.

அடுத்தது கரி. ஒன்றை மறக்கக்கூடாது: சுடரின் மஞ்சள் ஒளியே கரித்துகள்களின் ஒளிதான். மெழுகாவி சிதைந்து உண்டாகும் கரிமத் துகள்கள் ஆயிரத்துச் சொச்சம் டிகிரியில் ஒளிர்வதைத்தான் நாம் வெளிச்சம் என்கிறோம். நல்ல சுடரில் அவை உச்சியை அடையுமுன் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து தீர்ந்துவிடும். ஊட்டம் கூடினாலோ காற்று குலைத்தாலோ, எரிந்து தீருமுன் தப்பித்து வெளியேறிக் கண்ணாடியில் படியும். திரியின் நுனியில் காளான் குடைபோல் கரி திரளுவதும் ஊட்டம் மிஞ்சியதன் அடையாளம். ஒவ்வொரு முறை ஏற்றுமுன்னும் திரியை ஆறு மில்லிமீட்டருக்கு நறுக்கிவிடுவதே முதல் மருந்து. நறுக்கியும் கரி வருகிறதென்றால் அடுத்த வார்ப்புக்கு மெல்லிய திரி எடுக்க வேண்டும். டம்ளரின் ஒரு பக்கம் மட்டும் கறுத்தால் திரியை மாற்ற வேண்டியதில்லை, மின்விசிறியை நிறுத்தினால் போதும். டம்ளர் குறுகலாகவும் ஆழமாகவும் இருந்தால், சூடான காற்று மேலேறுவதும் புதிய காற்று கீழிறங்குவதும் ஒரே வாய் வழியே நடந்தாக வேண்டும். இரண்டும் மோதிச் சுடர் துள்ளும், கரி கக்கும்.

சுடரின் நீண்ட வடிவமே இந்தக் காற்றோட்டம் தந்ததுதான். 1992இல் கொலம்பியா விண்ணோடத்தில் மெழுகுவத்தி ஏற்றிப் பார்த்தபோது, சூடான காற்று மேலேற வழியில்லாததால் சுடர் மங்கலான நீல நிறத்தில் கோளத்தின் வடிவம் கொண்டது.

வாசனை விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் ஊன்றிப்போயிருக்கிறது, சுடர்தான் மணத்தைப் பரப்புகிறது என்று. சுடருக்குள் போகும் வாசனை எண்ணெய் மெழுகோடு சேர்ந்து எரிந்துபோகிறது. மணம் எழுவது உருகிய குளத்தின் மேற்பரப்பிலிருந்து. குளம் சிறியதானால் மணமும் சிறிதாகத்தான் இருக்கும். அதைப் புரிந்துகொள்ளாமல் எண்ணெயை மேலும் மேலும் ஊற்றினால் திரி திணறும், குளம் இன்னும் சுருங்கும். நூறு கிராம் மெழுகுக்கு ஆறிலிருந்து எட்டு கிராம் போதும், கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துச் சேருங்கள். உடம்பில் அடிக்கும் வாசனைத் திரவத்தில் ஆல்கஹால் இருக்கிறது, பன்னீரில் இருப்பது தண்ணீர். இரண்டும் மெழுகில் சேராது, தீயருகே ஆபத்தும்கூட. உலர்ந்த ரோஜா இதழ், பட்டை, ஏலக்காய் ஆகியவற்றை மேலே தூவி அழகுபடுத்துவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மெழுகில் ஊறிய இதழ் ஒவ்வொன்றும் இன்னொரு திரி.

உருக்கும்போது எப்போதும் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தே உருக்க வேண்டும். நேரடித் தீயில் மெழுகு தண்ணீரைப்போலக் கொதித்து எச்சரிக்காது. அமைதியாகச் சூடேறிக்கொண்டே போய், ஏறத்தாழ 200 டிகிரியை அடையும்போது அதன் ஆவி தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். எரியும் மெழுகில் தண்ணீர் ஊற்றினால், அடியில் இறங்கிய நீர் நொடியில் ஆயிரத்து அறுநூறு மடங்கு ஆவியாக விரிந்து, எரியும் மெழுகை அறை முழுக்க வீசிவிடும். அடுப்பை நிறுத்தி, பொருந்தும் மூடியால் மூடுவதே வழி. அந்த மூடி, உருக்கத் தொடங்குமுன்பே கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

பாத்திரத் தேர்வும் இதே கவனத்தைக் கேட்கிறது. தேங்காய்ச் சிரட்டையில் வார்ப்பது இப்போது பரவலாகிவிட்டது, பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிரட்டை நல்ல எரிபொருள், அதிலிருந்துதான் கரி சுடுகிறார்கள். சிரட்டைக்கு மெல்லிய திரியும், ஓரத்தில் உருகாமல் நிற்கும் மெழுகு வளையமும் அவசியம். டம்ளருக்கு நல்லது என்று சொன்ன முழுக்குளம் இங்கே கூடாது. சாதாரணத் தண்ணீர்க் கிளாஸ் சூடு தாங்காது, சூடு தாங்கும் கண்ணாடி வேண்டும். எந்தப் பாத்திரமானாலும் அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிஞ்சும்போது அணைத்துவிட வேண்டும், அதற்கு மேல் சுடரின் சூடு நேராகக் கண்ணாடியின் அடியில் இறங்கும். மிஞ்சியதைச் சுரண்டி எடுத்து, கருகிய திரித் துணுக்குகளை வடிகட்டி அடுத்த வார்ப்பில் சேர்த்துக்கொள்ளலாம். அதில் வாசனை எண்ணெய் ஏற்கெனவே இருப்பதால் புதிதாகச் சேர்க்கும் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.